வரப்புக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு கூலி



பட்டினச்சேரிக் கடற்கரையில் கிழக்கு நோக்கி நின்றால் கடல். மேற்கு நோக்கித் திரும்பினால் திருமலைராயன்பட்டினத்துத் தென்னையும் அதற்கு அப்பால் வயலும். இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் சிலருடைய தந்தையர் படகில் போகிறவர்கள். சிலருடைய தாயர் நடவுக்குப் போகிறவர்கள். ஆகவே இவ்வாண்டு எங்கள் வகுப்பில் பட்டிமன்றத்துக்குத் தலைப்பு ஒன்று வந்தபோது, அது வெறும் தலைப்பாக நில்லாமல் வீட்டுச் சண்டையாகவே மாறிவிட்டது.

தலைப்பு இதுதான்: ‘உழவர் தம் நிலத்தில் மரம் நட, அரசு பணம் கொடுப்பது நன்றா, தீதா?’

நன்று என்று ஓர் அணி பேசிற்று. தீது என்று மற்றோர் அணி பேசிற்று. நடுவராக இருந்த ஆசிரியை, “இரு பக்கமும் பேசிவிட்டீர்கள். இனி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, உண்மையாகவே என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்” என்றார். அப்படி எழுதியதே இக்கட்டுரை. இதில் உள்ள கருத்து எங்கள் எல்லோருடையதும். பிழை இருப்பின் அதுவும் எங்கள் எல்லோருடையதே.

மீனவர் ஊருக்கு மரத்தைப் பற்றி என்ன பேச்சு?

இப்படிக் கேட்போர் உண்டு. அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறோம்.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதை ஊரார் அறிவர். வயல் நடுவே இருக்கும் ஊரிலிருந்து வரும் அவரை மீனவர்கள் ‘மாப்பிள்ளை’ என்று முறை சொல்லி வரவேற்கிறார்கள். எந்தச் சமயத்தவரானாலும் இந்த முறையில் ஒரு பொருள் இருப்பதைக் காணலாம். வயலும் கடலும் சம்பந்திகள் என்பதே அப்பொருள். சம்பந்தி வீட்டில் நடப்பது நம் வீட்டையும் தொடும் அன்றோ?

அந்நாளில் எங்கள் பாட்டனார்கள் ஏறிச் சென்ற கட்டுமரமே மரத்தால் ஆனதுதான். மலைவேம்பு போன்ற இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்துக் கட்டியதால் அது கட்டுமரம் ஆயிற்று. இன்று கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன. ஆனால் அதே மலைவேம்பு இன்று ஒட்டுப்பலகைக்காக உழவர் நிலங்களில் வளர்க்கப்படுகிறது. கடலைவிட்டுப் போன மரம் வயலுக்குப் போயிருக்கிறது எனலாம்.

இவை எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. அன்று நாங்கள் பிறக்கவில்லை. ஆயினும் எங்கள் வீடுகளில் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரல்கள் தாழ்ந்துபோவதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். 2005ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ என்னும் ஆய்விதழில் கடலூர் மாவட்டக் கடற்கரையைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் காத்துநின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று அது கூறிற்று. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் மேடும்தான் பெரிய காரணம் என்று வேறு சில அறிஞர்கள் மறுத்துரைத்தனர். எனவே மரம் சுனாமியைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வரும் புயற்காற்றையும், பறந்துவரும் மணலையும், வயலில் படியும் உப்புக்காற்றையும் மரவேலி மட்டுப்படுத்தும் என்பதை எந்த உழவரும் சொல்வார். மேற்கே ஒருவர் நடும் மரமும் கிழக்கே ஒருவர் காக்கும் மரமும் ஒரே ஊருக்கு ஒரே குடைதான்.

திட்டம் யாது?

பணம் கொடுத்து மரம் நடச் சொல்லும் வழக்கம் புதிதன்று. 2014இல் இந்திய அரசு தேசிய வேளாண்காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. உலகிலேயே இத்தகைய தனிக் கொள்கை கொண்டுவந்த முதல் நாடு நம் நாடே. அதைத் தொடர்ந்து 2016-17இல் ‘ஒவ்வொரு வரப்பிலும் மரம்’ என்னும் முழக்கத்துடன் ஒரு திட்டம் வந்தது. நடவுச் செலவில் பாதியை அப்போது அரசு ஏற்றது. அதையும் ஒரே தடவையில் கொடுக்காமல் முதலாண்டு நூற்றுக்கு 40, அடுத்த மூன்று ஆண்டுகளும் நூற்றுக்கு 20 வீதம் பிரித்துக் கொடுத்தது. நட்டுவிட்டு மறந்துபோகிறவருக்கு முழுப் பணம் போகக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

நம் அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2021-22இல் வேளாண்மைத் துறை பசுமைப் போர்வை இயக்கத்தைத் தொடங்கிற்று. தேக்கு, மகோகனி, வேங்கை, செம்மரம், மலைவேம்பு முதலிய கன்றுகளை உழவருக்கு இலவசமாக வழங்கினார்கள். வரப்பில் நடுவதானால் ஏக்கருக்கு 50 கன்று. நிலத்தில் இடைவெளி விட்டு நடுவதானால் ஏக்கருக்கு 160 கன்று. இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஒரு மரத்துக்கு 21 ரூபாய். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் காடும் மரங்களும் நிற்கும் பரப்பை 10 ஆண்டுகளில் நூற்றுக்கு 33 பங்காக உயர்த்துவது அதன் குறிக்கோள்.

உயிரோடு நிற்கும் கன்றுக்கே பணம் என்ற விதியை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். காவிரிக் கடைமடையில் கன்று நடுவது எளிது, காப்பது அரிது. ஐப்பசி மழையில் நட்ட கன்று மார்கழி வரை தானே தழைக்கும். சம்பா அறுவடை முடிந்ததும் ஆடும் மாடும் வயலில் இறங்கும். ஆற்றில் தண்ணீர் நின்றுபோகும். சித்திரை வெயிலில் களிமண் வெடித்துக் கிடக்கும். அந்த நான்கு மாதங்களைத் தாண்டிய கன்றே மரமாகும். விழா மேடையில் நட்டுப் படம் எடுத்துக்கொண்ட கன்றுகள் பல, அடுத்த விழாவுக்குள் காய்ந்துபோவதை நாம் காணவில்லையா?

வெளிநாட்டார் செய்தது

பட்டிமன்றத்துக்காக நாங்கள் திரட்டிய செய்திகளுள் மூன்றை இங்கே தருகிறோம்.

ஐரோப்பிய நாடுகளில் 1992ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பயிர் நிலத்தில் மரம் நடும் உழவருக்கு நடவுச் செலவோடு, பயிர் வருமானம் இழந்ததற்கு ஈடாக 20 ஆண்டு வரை ஆண்டுதோறும் பணம் கொடுக்கலாம் என்றது அச்சட்டம். அங்கே அப்போது தானியம் தேவைக்கு மேல் மிஞ்சிக் கிடந்தது. விளைச்சலைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

சீன நாட்டில் 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மலைச்சரிவுகளை உழுது பயிரிட்டதால் மண் கரைந்து ஆறு தூர்ந்தது என்று கண்டார்கள். 1999இல் ஒரு திட்டம் தொடங்கி, சரிவு நிலத்தில் மரம் நட்ட குடியானவருக்குத் தானியமும் பணமும் கொடுத்தார்கள். பாதுகாப்புக்காக நடும் மரத்துக்கு 8 ஆண்டு. பழம், கொட்டை தரும் மரத்துக்கு 5 ஆண்டு. சாப்பாட்டுக்கு நிலம் இல்லாமற் போகிறவனுக்குச் சாப்பாட்டையே கொடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்று ஒரு சிறு நாடு. அங்கே 1996இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு முதல் காட்டைக் காப்போருக்கும் மரம் நடுவோருக்கும் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. புகை விடுகிறவர் கொடுக்கிறார்; நிழல் தருகிறவர் பெறுகிறார்.

இம்மூன்றிலும் ஓர் உண்மை தெரிகிறது. அங்கங்கே எது குறையோ அதற்கு ஏற்றபடி பணம் போயிருக்கிறது. ஐரோப்பாவில் தானியம் மிகுதி, சீனத்தில் வெள்ளம், கோஸ்டா ரிக்காவில் காடழிவு. அப்படியானால் நம் கடைமடையில் எது குறை என்று கேட்டல்லவா நாம் திட்டம் தீட்ட வேண்டும்?

ஏழு ரூபாயின் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். ஏக்கருக்கு 160 கன்று நட்டு, ஒன்றுகூடச் சாகாமல் நின்றால் ஆண்டுக்கு 1,120 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஆகவே ஓர் ஏக்கர் மரத்துக்குக் கிடைக்கும் ஆண்டுத் தொகை, அரைக் குவிண்டால் நெல்லின் விலைக்கும் எட்டாது. வரப்பில் 50 மரம் நின்றால் 350 ரூபாய். அது ஏறத்தாழ 15 கிலோ நெல்.

தீது என்று பேசிய அணி இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி, “இந்தப் பணத்துக்கு யார் நெல்லை விட்டு மரம் நடுவார்?” என்று கேட்டது. நாங்கள் சிரித்தோம். பிறகு வீட்டுக்குப் போய் யோசித்தபோது, இந்தக் கேள்வியிலேயே நல்ல விடை ஒன்று இருப்பது தெரிந்தது. நெல்லை விடச் சொல்லித் தரும் பணமாக இதை எண்ணினால் இது மிகச் சிறிது. நெல்லை விடாமல் வரப்பில் நடுவதற்குத் தண்ணீர்க் கூலியாக எண்ணினால் இதற்கு ஒரு பொருள் உண்டு.

எங்கள் தோழி ஒருத்தியின் தாய்மாமன் நாகப்பட்டினம் மாவட்டத்தில் சொந்த நிலம் வைத்திருப்பவர். வரப்பில் 50 கன்று நட்டு, 31 கன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். விடுமுறையில் அங்கே சென்ற நாங்கள் நால்வர், “மாமா, ஆண்டுக்கு 217 ரூபாய்தானே கிடைக்கும்? இதற்காகவா இவ்வளவு பாடு?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “பணத்துக்காக இல்ல பாப்பா. ஆனா ஒருத்தர் வந்து எண்ணிப் பாக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா, சாக விட மனசு வராது. கன்னு வச்சது நான். தண்ணி ஊத்துனது உங்க அத்தை. ஆட்டை வெரட்டுனது பேரப் புள்ளைங்க. அந்தக் காசை அத்தைகிட்டத்தான் குடுத்தேன்” என்றார்.

இந்த மறுமொழியை எங்கள் பட்டிமன்றத்தில் எந்த அணியும் சொல்லவில்லை. பணத்தின் அளவைவிட, எண்ணிப் பார்க்க ஒருவர் வருகிறார் என்பது பெரிது. தண்ணீர் ஊற்றியவர் கைக்கே அது போய்ச் சேருவது அதனினும் பெரிது.

மறுப்பவர் சொல்வதில் உள்ள உண்மை

தீது என்று பேசிய அணியின் வாதத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. அதில் நான்கு செய்திகள் நெஞ்சில் தைத்தன.

முதலாவது, சோறு. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஒதுக்கிய நீர் 7 டி.எம்.சி. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. இவ்வளவு போராடிப் பெறும் தண்ணீர் பாயும் நிலத்தை மரக்காடு ஆக்குவது அறிவாகுமா? மேட்டு நிலம் வேறு. வண்டல் நிலம் வேறு. நெல் விளையும் பள்ளக்கட்டு நிலத்தில் தோப்பு வைக்கப் பணம் கொடுப்பது, உலையிலிருக்கும் அரிசியைக் கொட்டிவிட்டு அடுப்புக்கு விறகு தேடுவது போலாகும்.

இரண்டாவது, கூலி. இதை எழுதும்போது எங்களுள் ஒருத்தி அழுதாள் என்பதை மறைக்காமல் சொல்லுகிறோம். அவள் தாய் நாற்றுப் பறிக்கவும், நடவு நடவும், களை எடுக்கவும் போகிறவர். அவர் வழக்கமாக வேலை செய்த நிலம் ஒன்றில் உடையவர் சவுக்கு வைத்துவிட்டார். சவுக்கு ஒருமுறை நட்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டு கழித்து வெட்டுவதுதான். இடையே வேலை மிகக் குறைவு. வெட்டும்போதும் வியாபாரி தம் ஆட்களையே அழைத்து வருகிறார். உடையவருக்கு நட்டம் இல்லை. நாட்டுக் கணக்கில் பசுமை கூடிற்று என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் அந்த வீட்டில் ஐப்பசி மாதக் கூலி இல்லை. 1980களில் கருநாடகத்துக் கோலார் மாவட்டத்தில் கேழ்வரகு நிலங்களில் தைலமரம் பரவியபோது இதே முறையீடு எழுந்தது. அன்று அங்கே கேட்ட குரலை இன்று நம் வகுப்பறையில் கேட்டோம்.

மூன்றாவது, குத்தகை. கடைமடையில் உழுகிறவர் எல்லோரும் நிலத்துக்கு உடையவர் அல்லர். மரம் நடுவது நிலத்தில் வேர் விடுவது ஆகையால், குத்தகைக்காரர் தாமாக நட முடியாது. சிட்டா யார் பெயரில் உள்ளதோ அவர் பெயரிலேயே மனு போகும். பணமும் அவருக்கே வரும். தண்ணீர் ஊற்றுகிறவருக்கு நிழல் மட்டும் மிச்சம்.

நான்காவது, இடமறியா மரம். தேக்குக்குத் தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது. நம் வயலோ கார்த்திகை மாதத்தில் குளமாகிக் கிடக்கும். இங்கே தேக்கை நட்டு, செத்துப்போயிற்று என்று உழவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. உப்புக் காற்றைத் தாங்கும் பூவரசும், புன்னையும், புங்கமும், சவுக்கும் கடலோரத்துக்கு உரியவை. ஆற்றங்கரைக்கு நீர்மருதும், நாவலும், இலுப்பையும், மூங்கிலும் உண்டு. திடலுக்குப் பனையைப் போல ஒன்றில்லை. இவற்றையெல்லாம் நம் முன்னோர் அரசாணை பார்த்து நடவில்லை. மண்ணைப் பார்த்து நட்டார்கள்.

கஜா கற்பித்த பாடம்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தெற்கே இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் தமிழக அரசு அறிவித்தது. ஆக, விழுந்த மரத்துக்கு 1,100 ரூபாய். நிற்கும் கன்றுக்கு மூன்று ஆண்டுக்கு 21 ரூபாய்.

காய்க்கும் தென்னையையும் சிறு கன்றையும் ஒப்பிடுவது முறையன்று என்று எங்கள் ஆசிரியை திருத்தினார். ஒப்புக்கொள்கிறோம். எனினும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது ஓர் எண்ணம் எழாமல் இல்லை. துன்பம் வந்தபின் கொடுப்பதற்கு நம்மிடம் மனம் உண்டு. துன்பம் வருமுன் கொடுப்பதற்கு மட்டும் கை சுருங்குகிறது. காற்றுவேலியாய் நிற்கும் மரம், தன் உடையவருடைய நிலத்தை மட்டுமா காக்கிறது? அடுத்த வயலையும், அதற்கு அடுத்த தெருவையும் காக்கிறது. ஆனால் அடுத்தவரிடம் போய், “என் மரம் உன் கூரையைக் காத்தது, காசு கொடு” என்று உழவர் கேட்க முடியுமா? முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான அரசு, எல்லோர் சார்பிலும் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சலுகை என்று எண்ணிக் கொடுப்பது வேறு. கூலி என்று எண்ணிக் கொடுப்பது வேறு. இதைக் கூலி என்றே நாங்கள் கொள்கிறோம்.

எங்கள் தீர்ப்பு

ஆகவே பணம் கொடுப்பது நன்றே. ஆனால் எப்படியும் கொடுப்பது நன்றன்று. எங்கள் கருத்தை ஐந்து கூறாகச் சொல்லுகிறோம்.

ஒன்று: நெல் விளையும் வயலுக்குள் தோப்பு வைக்கப் பொதுப்பணம் போகவேண்டாம். வரப்பிலும், திடலிலும், வாய்க்கால் மேட்டிலும், கொல்லையிலும், உப்பேறிப் பயிர் வராமற் போன நிலத்திலும் நடுவதற்கே போகட்டும். வரப்பு மரம் பயிருக்கு நிழலடிக்கும் என்பது உண்மைதான். ஆண்டுதோறும் கிளை கழித்து அந்தத் தழையை வயலில் மிதித்தால் அதுவே உரமாகும். புங்கந் தழையின் அருமையை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டு: உயிரோடு நிற்கும் மரத்துக்கே பணம் என்ற விதி நிலைக்கட்டும். ஆனால் அது நான்காம் ஆண்டோடு நிற்க வேண்டாம். நான்காம் ஆண்டில் மரம் இன்னும் பிள்ளைதான். பத்து ஆண்டு வரையேனும், சிறு தொகையாயினும், எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று: தண்ணீர் ஊற்றிய கைக்குக் கூலி சேரவேண்டும். குத்தகைக்காரர் காத்த மரமானால் அவருக்கு ஒரு பங்கு எழுத்தில் இருக்கவேண்டும். நாற்றங்கால் வளர்ப்பது, கன்றுக்கு நீர் விடுவது, வேலி கட்டுவது ஆகிய வேலைகளை நடவு குறைந்துபோன பெண்களுக்கு முதலில் கொடுக்கவேண்டும். மரம் ஒரு தாயின் கூலியைப் பறித்ததானால், மரமே அதைத் திருப்பித் தரட்டும்.

நான்கு: இந்த மண்ணுக்கு ஏற்ற கன்றையே கொடுக்கவேண்டும். காரைக்காலில் 1987 முதல் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று சொல்ல அங்கே அறிஞர்கள் இருக்கும்போது, பண்ணையில் மிஞ்சிய கன்றை வண்டியில் ஏற்றி அனுப்பும் வழக்கம் எங்கும் வேண்டாம்.

ஐந்து: வளர்த்தவருக்கு வெட்டும் உரிமை எளிதாக இருக்கவேண்டும். சந்தனமும் செம்மரமும் சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட இயலாது. திருட்டைத் தடுக்க அது தேவையாயிருக்கலாம். ஆனால் அனுமதிக்கு அஞ்சியே நடாமலிருப்போர் பலர். 2017இல் மத்திய அரசு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற பட்டியலிலிருந்து நீக்கிற்று. அதுபோல நாட்டு மரங்களுக்கும் வழி திறந்தால், வெட்டுவோர் கூடுவதைவிட நடுவோர் கூடுவர் என்பதே எங்கள் எண்ணம்.

வாய்க்காலுக்கு இப்பாலும்

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்து, 1954இல் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்து, 1962இல் சட்டப்படியும் இணைந்த காரைக்கால், புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். ஆற்றுக்கு எல்லை இல்லை. காற்றுக்கு எல்லை இல்லை. அரசாணைக்கு மட்டும் எல்லை உண்டு. 2020இல் தமிழ்நாடு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியபோதும், அதே காவிரியின் கடைமடையான நம் வயல்கள் அச்சட்டத்துக்குள் வரவில்லை. தமிழ்நாட்டு வேளாண்மைத் துறை கொடுக்கும் 7 ரூபாயும் அவ்வாறே வாய்க்காலுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. அப்பால் நிற்கும் பூவரசுக்குக் கிடைக்கும் கூலி இப்பால் நிற்கும் பூவரசுக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. சிறு நிலப்பரப்பு ஆகையால், காரைக்காலில் மரங்களை எண்ணுவதும் எளிது. பிழை நேர்ந்தால் திருத்துவதும் எளிது. நல்ல திட்டம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க இதைவிட ஏற்ற இடம் எது?

கடற்கரையிலும் அவ்வாறே. எங்கள் ஊர்க் கரையில் மரவேலி வளர்க்கும்போது, படகு ஏற்றும் வழியையும் வலை உலர்த்தும் இடத்தையும் விட்டு, ஊராரைக் கேட்டு நடவேண்டும். கேட்காமல் நட்ட மரத்தை ஊர் காப்பதில்லை. கேட்டு நட்ட மரத்துக்கு ஊரே வேலி.

முடிவாக

தோழியரே! மரம் நடுவோர்க்கு எல்லாம் நன்மை என்று பாடிவிட்டுப் போவது எளிது. ஆனால் நம் வகுப்பில் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் மூவரை எண்ணிப் பாருங்கள். ஒருத்தியின் தந்தை நில உடையவர். ஒருத்தியின் தந்தை கடலுக்குப் போகிறவர். ஒருத்தியின் தாய் நடவுக்குப் போகிறவர். ஒரே மரம் முதலாமவளுக்கு வருமானம், இரண்டாமவளுக்குக் காற்றுவேலி, மூன்றாமவளுக்கோ இழந்த கூலி. மூவரும் ஒன்றாக அமர்ந்து ‘நல்லது’ என்று சொல்லத்தக்க வகையில் அந்தப் பணம் பங்கிடப்பட்டால்தான் அது நல்ல திட்டம். எங்கள் பட்டிமன்றத்தில் நாங்கள் கற்றது இவ்வளவே.

அழுத தோழியிடம் இக்கட்டுரையைப் படித்துக் காட்டினோம். மூன்றாவது கூற்றைக் கேட்டபோது அவள், “இதை எங்கம்மாகிட்டயும் படிச்சுக் காட்டணும்” என்றாள். படித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, “சரிதான். ஆனா நாற்றங்கால் வேலை ஐப்பசிக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்னு எழுதச் சொல்லு. கூலி இல்லாத மாசம் அதுதான்” என்றாராம்.

எழுதிவிட்டோம். ஆள்வோர் படிக்கட்டும்.